காரின் மின்சுற்றை மல்டிமீட்டரால் பாதுகாப்பாகச் சோதிப்பது: முழுமையான வழிகாட்டி

12 வோல்ட் பேட்டரியைத் தொட்டால் ஷாக் அடிப்பதில்லை என்பதால், காரின் மின்சாரத்தில் ஆபத்து எதுவும் இல்லை என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். ஆனால் அதே பேட்டரிதான் செல்ஃப் மோட்டாரைச் சுழற்றும்போது 100 முதல் 300 ஆம்பியர் வரை மின்னோட்டத்தைத் தருகிறது. அதன் இரு முனைகளையும் ஒரு ஸ்பேனரோ கைமோதிரமோ தவறுதலாக இணைத்துவிட்டால், சில நொடிகளில் அந்த உலோகம் பழுக்கக் காய்ந்து தோலைப் பொசுக்கிவிடும். ஆம்பியர் துளையில் லீடு (சோதனைக் கம்பி) செருகப்பட்ட மல்டிமீட்டரின் தடை ஏறத்தாழ பூஜ்யம் என்பதால், அதைப் பேட்டரியின் குறுக்கே வைப்பதும் மின்சாரத்தின் கணக்கில் இதே செயல்தான். கார் வேலையில் மீட்டர் எரிவதும் லீடு உருகுவதும் பெரும்பாலும் இதனால்தான் நடக்கின்றன. எனவே இந்த வழிகாட்டி ஒரு வரிசையை வலியுறுத்துகிறது. முடிந்தவரை எல்லாக் கோளாறுகளையும் வோல்ட் அளவிலேயே கண்டுபிடிக்க வேண்டும். ஓம் அளவை மின்சாரம் துண்டிக்கப்பட்ட பாகத்தில் மட்டுமே பார்க்க வேண்டும். ஆம்பியர் அளவைக் கடைசியாக, முன்னேற்பாட்டுடன் எடுக்க வேண்டும். இங்கே வரும் எண்கள் 12 வோல்ட் பெட்ரோல், டீசல் கார்களுக்கானவை. லாரி, பேருந்துகள் பெரும்பாலும் 24 வோல்ட் என்பதால் அவற்றுக்கு இவை பொருந்தா.

எந்த மீட்டர் வாங்கலாம்

கடைகளில் மிக மலிவாகக் கிடைக்கும் டிடி-830 வகை மீட்டர், பேட்டரி வோல்டைப் பார்க்கப் போதுமானது. ஆனால் அவற்றில் பெரும்பாலானவற்றின் 10 ஆம்பியர் துளைக்கு ஃப்யூஸ் கிடையாது. துளையின் அருகிலேயே அப்படி அச்சிட்டும் இருப்பார்கள். அதில் தவறு நேர்ந்தால் உருகுவது ஃப்யூஸ் அல்ல, லீடு. காருக்கென்றே வாங்குவதாக இருந்தால் நான்கு விஷயங்களைப் பாருங்கள்: ஆம்பியர், மில்லி ஆம்பியர் என்ற இரு துளைகளுக்கும் செராமிக் ஃப்யூஸ் இருக்க வேண்டும், வோல்ட் பிரிவின் உள்தடை 10 மெகா ஓம் இருக்க வேண்டும், 0.1 மில்லி வோல்ட் வரை காட்ட வேண்டும். மிகக் குறைந்த, மிக அதிக அளவுகளைப் பதிந்துவைக்கும் வசதி இருக்க வேண்டும். ஐஇசி 61010 என்ற சர்வதேசப் பாதுகாப்புத் தரத்தின்படி வரும் "கேட் 3, 600 வோல்ட்" போன்ற குறிகள் உண்மையில் வீட்டு, தொழிற்சாலை மின்னிணைப்புகளுக்கானவை. 12 வோல்ட் சுற்றுக்கு அவை கட்டாயமல்ல. இருந்தாலும் அந்தத் தகுதியை முறையாகப் பெற்ற மீட்டரில் லீடும் ஃப்யூஸும் உள்காப்பும் தரமாக இருக்கும் என்பதால், அதைக் கேட்டு வாங்குவதே நல்லது.

கிளாம்ப் மீட்டர் வாங்குவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கம்பியைச் சுற்றிக் கவ்வி அளக்கும் சாதாரண கிளாம்ப் மீட்டர் ஏசி (மாறுதிசை) மின்னோட்டத்தை மட்டுமே அளக்கும். காரின் பேட்டரிக் கம்பியில் அதை மாட்டினால் பூஜ்யம்தான் காட்டும். டிசி (நேர்த்திசை) ஆம்பியரும் அளக்கும் வகையைக் கேட்டு வாங்கினால், செல்ஃப் மோட்டாரின் பெரிய மின்னோட்டத்தைக்கூட எந்தக் கம்பியையும் கழற்றாமல் பார்த்துவிடலாம்.

பானட்டைத் திறக்கும் முன்

மோதிரம், உலோகப் பட்டை வைத்த கைக்கடிகாரம், கழுத்துச் சங்கிலி ஆகியவற்றைக் கழற்றி வையுங்கள். கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி அணிய வேண்டும். ஈய அமில பேட்டரிக்குள் கந்தக அமிலம் இருக்கிறது, சார்ஜ் ஆகும்போது அது ஹைட்ரஜன் வாயுவை வெளிவிடுகிறது. காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பற்றக்கூடிய வாயு அது. எனவே பேட்டரியின் அருகில் புகைபிடிப்பதும், டெர்மினலில் ஸ்பேனரை உரசி "ஸ்பார்க் வருகிறதா" என்று பார்ப்பதும் கூடவே கூடாது. பேட்டரியைக் கழற்ற நேர்ந்தால் நெகட்டிவை முதலில் கழற்றிக் கடைசியில் மாட்டுங்கள். பாசிட்டிவைக் கழற்றும்போது ஸ்பேனர் பாடியில் பட்டால்கூட, எர்த் (பாடியை நெகட்டிவோடு சேர்க்கும் இணைப்பு) ஏற்கெனவே பிரிந்திருப்பதால் எதுவும் நடக்காது.

இன்ஜினை ஓடவிட்டுச் சோதிக்க வேண்டியிருந்தால் கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்துங்கள். மூடிய ஷெட்டில் சேரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமே இல்லை. துப்பட்டா, வேட்டி முனை, தொங்கும் லீடு எதுவும் பெல்ட்டின் பக்கம் போகக்கூடாது. ரேடியேட்டரின் மின்விசிறி சில கார்களில் சாவியை எடுத்த பிறகும் தானாகச் சுழலத் தொடங்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

அடுத்து மீட்டரையே சோதிக்க வேண்டும். கருப்பு லீடு "காம்" துளையிலும் சிவப்பு லீடு வோல்ட்-ஓம் துளையிலும் இருக்கின்றனவா என்று கண்ணால் பாருங்கள். ஒவ்வொரு முறை மீட்டரைக் கையில் எடுக்கும்போதும் இதைச் செய்ய வேண்டும், ஏனெனில் முந்தைய நாள் ஆம்பியர் பார்த்துவிட்டு அப்படியே வைத்திருக்கலாம். லீடின் ரப்பர் உறை வெடித்திருந்தால் லீடை மாற்றுங்கள். ஓம் நிலையில் இரு முனைகளையும் சேர்த்துப் பிடித்தால் 0.1 முதல் 0.5 ஓம் வரை காட்டும். அது லீடுகளின் சொந்தத் தடை. அந்த எண் ஆடிக்கொண்டே இருந்தால் லீடுக்குள் கம்பி அறுந்திருக்கிறது. மீட்டரின் சொந்த பேட்டரி தீர்ந்துவரும்போது பல மீட்டர்கள் உண்மையைவிட அதிகமான வோல்டைக் காட்டும்; திரையில் பேட்டரிப் படம் தெரிந்தால் அந்த மீட்டரை நம்பி எதையும் முடிவுசெய்யக் கூடாது.

பேட்டரி, செல்ஃப், ஆல்டர்னேட்டர்

மீட்டரின் திருகியை (எதை அளப்பது என்று தேர்வுசெய்யும் குமிழை) டிசி வோல்டில் வையுங்கள். ரேஞ்சைக் கையால் தேர்வுசெய்யும் மீட்டராக இருந்தால் 20 வோல்ட். சிவப்பு முனையை பாசிட்டிவ் ஈயக் கம்பத்திலும் கருப்பு முனையை நெகட்டிவ் கம்பத்திலும் அழுத்துங்கள். வண்டி ஓடி நின்ற உடனே பார்த்தால் தட்டுகளின் மேற்பரப்பில் தங்கிய சார்ஜ் காரணமாக 13 வோல்ட்கூடக் காட்டும். சில மணி நேரம் ஓய்வில் விட்டுப் பாருங்கள். அவசரமென்றால் ஹெட்லைட்டை இரண்டு நிமிடம் எரியவிட்டு, அணைத்து, சற்றுப் பொறுத்துப் பாருங்கள். 12.6 வோல்டுக்கு மேல் இருந்தால் முழு சார்ஜ், 12.4 என்றால் ஏறத்தாழ முக்கால், 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால் பங்குதான் மிச்சம். ஏஜிஎம் வகை (அமிலத்தைக் கண்ணாடியிழைப் பாயில் தேக்கிய) பேட்டரி முழு சார்ஜில் 12.8 அல்லது அதற்குச் சற்று மேல் காட்டும்.

இந்த எண் பேட்டரியில் எவ்வளவு சார்ஜ் இருக்கிறது என்பதைச் சொல்லுமே தவிர, பேட்டரி நல்லதா என்பதைச் சொல்லாது. அதற்கு லீடுகளை அதே இடத்தில் வைத்துக்கொண்டு, மற்றொருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். செல்ஃப் சுழலும்போது வோல்ட் 10-க்கு மேல் நின்றால் நல்லது, 9.6-க்குக் கீழே போனால் பேட்டரி வலுவிழந்திருக்கலாம், அல்லது செல்ஃப் மோட்டார் அளவுக்கு மீறி இழுக்கலாம். 12.6 காட்டிய பேட்டரி செல்ஃப் அடித்தவுடன் 7 அல்லது 8-க்கு விழுந்தால், அதை சார்ஜ் போட்டுக் காப்பாற்ற முயல்வது பெரும்பாலும் வீண்செலவு.

இன்ஜின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் (டைனமோ) பேட்டரியை சார்ஜ் செய்வதால், அதே இடத்தில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை வர வேண்டும். ஹெட்லைட், ஏசி, பின்கண்ணாடி ஹீட்டர் எல்லாவற்றையும் போட்டு, இன்ஜினைச் சற்று உயர்த்திப் பிடித்தாலும் 13.5-க்குக் குறையக் கூடாது. 15-ஐத் தாண்டி நின்றால் இந்த வோல்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் கெட்டிருக்கலாம். பேட்டரி கொதித்து நீர் வற்றும். ஆனால் புதிய கார்களில் ஆல்டர்னேட்டரை இசியு (வண்டியின் கணினி) கட்டுப்படுத்துவதால், பேட்டரி நிறைந்திருக்கும்போது 12.8 காட்டுவதும் இயல்பாக இருக்கலாம். ஒரு முறை பார்த்துவிட்டு "டைனமோ போச்சு" என்று முடிவுகட்டாமல், சுமையைக் கூட்டி எண் ஏறுகிறதா என்று பாருங்கள். பிறகு திருகியை ஏசி வோல்டுக்கு மாற்றி அதே கம்பங்களில் வைத்தால், ஆல்டர்னேட்டருக்குள் ஏசியை டிசியாக மாற்றும் டயோடுகளின் நிலை தெரியும். 0.1 வோல்டுக்குள் இருப்பது இயல்பு, 0.5-ஐத் தாண்டினால் டயோடு ஒன்று போயிருக்க வாய்ப்புண்டு. மிக மலிவான சில மீட்டர்கள் ஏசி நிலையில் டிசியையும் சேர்த்துக் காட்டிக் குழப்பும். இன்ஜின் நின்றிருக்கும்போதே ஏசி நிலையில் ஏதாவது எண் வந்தால் அந்த மீட்டரை இந்தச் சோதனைக்குப் பயன்படுத்த வேண்டாம்.

வோல்ட் இழப்புச் சோதனை

கார் மின்சாரத்தில் மிக அதிகமாகப் பயன்படக்கூடியதும், மிகக் குறைவாகச் செய்யப்படுவதும் இந்தச் சோதனைதான். பெரும்பாலானோர் கம்பி நன்றாக இருக்கிறதா என்று பார்க்க பீப் ஒலி வரும் நிலையில் வைத்து இரு முனைகளையும் தொடுகிறார்கள். பத்து இழைகளில் ஒன்பது அறுந்து ஒரே ஒரு இழை மிஞ்சிய கம்பியிலும் பீப் கேட்கும். ஏனெனில் மீட்டர் அனுப்பும் மின்னோட்டம் மிகச் சிறியது. அந்தக் கம்பியில் ஹெட்லைட்டின் 4.5 ஆம்பியர் ஓடும்போதுதான் குறை தெரியும்.

கணக்கைப் பார்த்தால் இது விளங்கும். 55 வாட் ஹெட்லைட்டின் எர்த் முனையில் துரு ஏறி 0.3 ஓம் தடை கூடியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓம் நிலையில் அளந்தால் அது லீடுகளின் சொந்தத் தடையோடு கலந்து கண்ணில் படாமல் போகும். ஆனால் விளக்கு எரியும்போது அதே 0.3 ஓம் 1.3 வோல்டை விழுங்குகிறது. ஹாலஜன் பல்பில் வோல்ட் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறத்தாழ 30 சதவீதம் குறையும். பல்பை எத்தனை முறை மாற்றினாலும் இந்த மங்கல் போகாது.

சோதிக்கும் முறை எளிது. சுற்று வேலைசெய்துகொண்டிருக்க வேண்டும், அதாவது விளக்கு எரிய வேண்டும் அல்லது மோட்டார் சுழல வேண்டும். கருப்பு முனையை பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்தில் வையுங்கள். சிவப்பு முனையை ஹெட்லைட் கப்ளரின் (கம்பிகளைச் செருகி இணைக்கும் பிளக்கின்) பின்புறம், எர்த் கம்பி நுழையும் இடத்தில் வையுங்கள். 0.1 வோல்ட் அல்லது அதற்குள் இருந்தால் எர்த் சரி, 0.2-ஐத் தாண்டினால் வழியில் ஏதோ ஓர் இணைப்பு கெட்டிருக்கிறது. இப்போது சிவப்பு முனையை ஒவ்வொரு இணைப்பாக பேட்டரியை நோக்கி நகர்த்துங்கள்: கப்ளர், பாடியில் முறுக்கிய எர்த் போல்ட், பாடியிலிருந்து பேட்டரிக்கு வரும் கேபிள். எந்த இணைப்பைத் தாண்டியதும் எண் சட்டென்று விழுகிறதோ, அங்கேதான் கோளாறு. பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டர் மங்கலாக எரிவது போன்ற விநோதங்களுக்குப் பெரும்பாலும் பின்விளக்கின் எர்த்தே காரணம். இந்தச் சோதனை அதைச் சில நிமிடங்களில் காட்டிவிடும்.

செல்ஃப் மந்தமாகச் சுழலும் வண்டியிலும் இதையேதான் செய்ய வேண்டும். கருப்பு முனை நெகட்டிவ் கம்பத்தில், சிவப்பு முனை இன்ஜினின் துருவில்லாத உலோகத்தில். செல்ஃப் அடிக்கும்போது 0.2 வோல்டுக்குள் இருக்க வேண்டும். சிவப்பு முனை பாசிட்டிவ் கம்பத்தில், கருப்பு முனை செல்ஃப் மோட்டாரின் பெரிய போல்ட்டில் என்றால் 0.5-க்குள் இருக்க வேண்டும். மோட்டாரின் போல்ட்டை எட்டக் கையை உள்ளே நீட்ட வேண்டியிருந்தால், லீடை முதலை கிளிப்பில் மாட்டிவிட்டுக் கையை வெளியே எடுத்த பிறகே சாவியைத் திருப்பச் சொல்லுங்கள்.

இன்னும் நெருக்கமாக, ஒரு முனையைக் கம்பத்தின் ஈயத்திலும் மற்றொரு முனையை அதன்மேல் இறுகியிருக்கும் கிளாம்பிலும் வையுங்கள். இரண்டுக்கும் நடுவே சில மில்லிமீட்டர்தான் இடைவெளி. செல்ஃப் அடிக்கும்போது அங்கே 0.6 வோல்ட் வந்தால், இடையில் படிந்திருக்கும் மெல்லிய பூஞ்சை போன்ற வெள்ளைப் படிவம் மட்டுமே 150 ஆம்பியர் ஓட்டத்தில் 90 வாட் வெப்பத்தை உண்டாக்குகிறது என்று பொருள். அதன் தடை வெறும் 0.004 ஓம், எந்தச் சாதாரண மீட்டரின் ஓம் நிலையிலும் அது தெரியாது. கிளாம்பைக் கழற்றி, சமையல் சோடா கலந்த வெந்நீரில் கழுவி, கம்பிப் பிரஷால் தேய்த்து, உலரவிட்டு மாட்டினால் புதிய பேட்டரி வாங்கும் செலவு மிச்சமாகலாம்.

கப்ளரைச் சோதிக்கும்போது மெல்லிய ஊசியைக் கம்பி நுழையும் பக்கத்திலிருந்து செருகுங்கள். தடித்த முனையைக் கப்ளரின் வாய்ப்பக்கம் திணித்தால் உள்ளிருக்கும் தகடு விரிந்து, இல்லாத கோளாறு ஒன்று புதிதாக உண்டாகும். கம்பியின் உறையை ஊசியால் குத்துவதும் வேண்டாம். மழைக்காலத்தில், குறிப்பாகக் கடலோர ஊர்களில், அந்தத் துளை வழியே ஈரம் ஏறிச் செம்பு பச்சை பூத்துவிடும்.

ஃப்யூஸும் ரிலேயும்

ஃப்யூஸைக் கழற்றாமலே சோதிக்கலாம். அதன் தலையில் இரண்டு சிறு உலோகப் புள்ளிகள் தெரியும். கருப்பு முனையை எர்த்தில் வைத்து, சிவப்பு முனையால் இரண்டையும் தொடுங்கள். இரண்டிலும் பேட்டரி வோல்ட் வந்தால் ஃப்யூஸ் நல்லது. ஒன்றில் மட்டும் வந்தால் உருகியிருக்கிறது. இரண்டிலும் வராவிட்டால் அதற்கு முன்னால் இருக்கும் ரிலேயையோ சாவி ஸ்விட்சையோ பார்க்க வேண்டும். 10 ஆம்பியர் சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை. உருகிய நிறத்தையே மீண்டும் போடுங்கள். ரிலே என்பது சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடும் ஸ்விட்ச்; அதில் 85, 86 என்ற முனைகள் உள்ளிருக்கும் காயிலுக்கு (கம்பிச் சுருளுக்கு) உரியவை. 30-இல் மின்சாரம் நுழைந்து 87-இல் வெளியேறும்.

ஓம் அளவு

பாகத்தை வண்டியின் சுற்றிலிருந்து பிரித்த பிறகே ஓம் பார்க்க வேண்டும். மின்சாரம் இருக்கும் இடத்தில் ஓம் நிலையில் தொட்டால் எண் பொய்யாக வரும், மீட்டரும் கெடலாம். பெட்ரோல் இன்ஜெக்டர்கள் பொதுவாக 11 முதல் 18 ஓம் வரை காட்டும். குறிப்பிட்ட மாடலுக்கான எண்ணை அதன் சர்வீஸ் மேனுவலில் பார்த்து ஒப்பிடுங்கள். ஒரே இன்ஜினின் நான்கு இன்ஜெக்டர்களில் ஒன்று மட்டும் வேறுபட்டால் மேனுவல் இல்லாமலும் சந்தேகத்தை அதன்மேல் வைக்கலாம். பல மின்னணுப் பெட்டிகள் ஒரே நேரத்தில் பேசாமல் போனால், பேட்டரியைக் கழற்றிவிட்டு ஓபிடி சாக்கெட்டின் (கோளாறு கண்டறியும் கருவியை மாட்டும் இடத்தின்) 6, 14 ஆகிய முனைகளுக்கு நடுவே அளந்து பாருங்கள். அந்தப் பெட்டிகள் தமக்குள் பேசிக்கொள்ளும் கேன் கம்பியின் இரு கோடிகளிலும் உள்ள 120 ஓம் தடைகள் இணையாகச் சேர்ந்து 60 ஓம் காட்ட வேண்டும். 120 வந்தால் ஒரு பக்கம் அறுந்திருக்கிறது. பூஜ்யத்தை நெருங்கினால் இரு கம்பிகளும் ஒட்டியிருக்கின்றன. சில கார்களில் நடுவே கேட்வே என்ற இடைநிலைப் பெட்டி இருப்பதால் இந்த எண் மாறலாம்.

இரவில் பேட்டரி இறங்குகிறதா: ஆம்பியர் அளவு

நிறுத்திய காரில் அலாரம், இசியு நினைவகம் போன்றவற்றுக்காக 20 முதல் 50 மில்லி ஆம்பியர் வரை ஓடுவது இயல்பு. 45 ஆம்பியர்-மணி பேட்டரியிலிருந்து 50 மில்லி ஆம்பியர் கசிந்தால் ஒரு நாளுக்கு 1.2 ஆம்பியர்-மணி போகும். நல்ல பேட்டரி என்றால் இரண்டு, மூன்று வாரம் நிறுத்தினாலும் பெரும்பாலும் ஸ்டார்ட் ஆகிவிடும். கசிவு அரை ஆம்பியராக இருந்தால் இரண்டே நாளில் பாதி பேட்டரி காலி.

முதலில் மீட்டரின் ஃப்யூஸைச் சரிபாருங்கள். உருகிய ஃப்யூஸோடு அளந்தால் 0.00 காட்டும், கசிவே இல்லை என்று நம்பி வேறு எங்கோ தேடிக்கொண்டிருப்பீர்கள். பிறகு இந்த வரிசையில் செல்லுங்கள். இங்கே வரிசை மாறினால் ஃப்யூஸ் போய்விடும்.

1. எல்லா விளக்குகளையும் அணைத்து, பானட்டையும் ஓட்டுநர் கதவையும் திறந்து வையுங்கள். இரண்டின் பூட்டு நாக்குகளையும் ஸ்க்ரூ டிரைவரால் அழுத்தி மூடிய நிலைக்குக் கொண்டுவாருங்கள். வண்டி எல்லாம் மூடியிருப்பதாக எண்ணிக்கொள்ளும். சாவியை வண்டிக்குள் விடாமல், சென்சார் எட்டாத தூரத்தில் வையுங்கள்.

2. சிவப்பு லீடை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, திருகியை டிசி ஆம்பியரில் வையுங்கள். மில்லி ஆம்பியர் துளையிலிருந்து தொடங்கக் கூடாது.

3. நெகட்டிவ் கம்பத்துக்கும் அதன் கேபிளுக்கும் நடுவே ஒரு தடித்த இணைப்புக் கம்பியை மாட்டிவிட்டு கிளாம்பைக் கழற்றுங்கள். இதனால் மின்சாரம் அறுபடாது. மின்னணுப் பெட்டிகள் விழித்துக்கொள்ளா.

4. மீட்டரின் ஒரு முனையைக் கம்பத்திலும் மற்றதைக் கழற்றிய கேபிளிலும் கிளிப்பால் மாட்டுங்கள். அரை மணி முதல் முக்கால் மணி நேரம் வரை காத்திருங்கள்; பெட்டிகள் ஒவ்வொன்றாகத் தூங்கப் போக அவ்வளவு நேரம் பிடிக்கும்.

5. இணைப்புக் கம்பியை எடுத்துவிட்டு எண்ணைப் பாருங்கள். மீட்டர் தொடரில் இருக்கும்போது சாவியைத் திருப்பவோ ஸ்டார்ட் செய்யவோ கூடாது. ஏதாவது செய்ய வேண்டியிருந்தால் இணைப்புக் கம்பியைத் திரும்ப மாட்டிய பிறகே செய்ய வேண்டும்.

6. முடிந்ததும் கிளாம்பை மாட்டி, சிவப்பு லீடை அப்போதே வோல்ட் துளைக்கு மாற்றிவிடுங்கள்.

கசிவு அதிகமென்றால் எந்தச் சுற்று என்று தேட ஃப்யூஸ்களைப் பிடுங்கிப் பார்ப்பது பழைய வழி. பிடுங்கிய ஃப்யூஸை மீண்டும் செருகும்போது தூங்கிய பெட்டி விழித்து எண்ணைக் குழப்பும் என்பதால், மில்லி வோல்ட் முறையே மேல். திருகியை டிசி மில்லி வோல்டில் வைத்து, ஃப்யூஸ் தலையின் இரு புள்ளிகளையும் ஒரே நேரத்தில் தொடுங்கள். 0.0 என்றால் அதில் மின்னோட்டம் இல்லை. 10 ஆம்பியர் மினி ஃப்யூஸின் தடை ஏறத்தாழ 7 முதல் 8 மில்லி ஓம் என்பதால், 1 மில்லி வோல்ட் காட்டினால் அதில் சுமார் 130 மில்லி ஆம்பியர் ஓடுகிறது. எதையும் கழற்றாமல், மீட்டரின் ஃப்யூஸுக்கும் ஆபத்தில்லாமல், ஒரு ஃப்யூஸ் பெட்டி முழுவதையும் இப்படிப் பார்த்துவிடலாம்.

மீட்டர் போகக்கூடாத இடங்கள்

மஞ்சள் கப்ளரோ மஞ்சள் உறையோ தெரிந்தால் அது ஏர்பேக் சுற்று. ஓம் நிலையில் மீட்டர் அனுப்பும் சிறு மின்னோட்டமே அதை வெடிக்கச் செய்யலாம் என்பதால், அதை மீட்டரால் தொடவே கூடாது. ஸ்பார்க் பிளக்குக்குப் போகும் பக்கத்தில் 20,000 வோல்டுக்கு மேல் எழும். இன்ஜின் ஓடும்போது இக்னிஷன் காயிலின் பிரைமரிப் பக்கத்திலும் (12 வோல்ட் நுழையும் பக்கத்திலும்) சில நூறு வோல்ட் துள்ளும். இரண்டும் சாதாரண மீட்டருக்கான இடங்கள் அல்ல. சென்சார் கம்பிகளை 10 மெகா ஓம் மீட்டரால் அளக்கலாம். ஆனால் பல்ப் வைத்த டெஸ்ட் லேம்பை அங்கே மாட்டினால் அது இழுக்கும் மின்னோட்டத்தில் இசியு கெடக்கூடும்.

ஹைப்ரிட், மின்சாரக் கார்களில் ஆரஞ்சு நிறக் கேபிள்கள் உயர் மின்னழுத்தத்துக்கு உரியவை. டிசியில் 60 வோல்டைத் தாண்டினாலே உயிருக்கு ஆபத்து என்று கொள்ளப்படுகிறது. அந்தக் கேபிள்களில் ஓடுவது பல நூறு வோல்ட். 1000 வோல்ட் காப்புக் கையுறையும் அதற்கான பயிற்சியும் இல்லாதவர்கள் அவற்றின் கவரைக்கூடத் திறக்கக் கூடாது. ஆனால் அந்தக் கார்களிலும் ஒரு 12 வோல்ட் பேட்டரி உண்டு; "வண்டி ஸ்டார்ட்டே ஆகவில்லை" என்ற புகார் பல நேரங்களில் அதனால்தான் வருகிறது. அதை இங்கே சொன்ன முறைப்படியே அளக்கலாம்: ஓய்வில் 12.4-க்கு மேல் இருக்க வேண்டும்; வண்டி ரெடி நிலைக்கு (ஓடத் தயாரான நிலைக்கு) வந்ததும், பெரிய பேட்டரியின் வோல்டைக் குறைத்துத் தரும் டிசி-டிசி கன்வர்ட்டர் அதை ஏறத்தாழ 13.5 முதல் 14.5 வரை உயர்த்த வேண்டும். ரெடி விளக்கு எரிந்தும் எண் ஏறவில்லை என்றால், கோளாறு ஆரஞ்சுக் கேபிளின் பக்கம் இருக்கலாம். அத்துடன் மீட்டரை எடுத்து வைத்துவிட்டு, அளந்த எண்களைக் குறித்துக்கொண்டு சர்வீஸ் சென்டரை அழையுங்கள்.